கடலிற் கலந்த நுண்ணெகிழி

கடற்கரை மணலில் ஒரு பிடியை அள்ளி வெயிலில் உலர்த்தி, வெள்ளைத் தாளின்மேற் பரப்பி உருப்பெருக்கியால் நோக்குவார்க்குக் கற்றுகளும் கிளிஞ்சற் பொடியும் கருமணலும் முதலிற் புலப்படும். சற்றே பொறுத்து நோக்குவாராயின், இம்மூன்றனுள் எதனோடும் சேராத நீலத் துணுக்கொன்றோ, சிவந்த இழையொன்றோ, சவ்வரிசி போன்ற வெண்மணியொன்றோ இடையே கிடத்தலைப் பல கரைகளிற் காணலாம். இவற்றையே விஞ்ஞானிகள் மைக்ரோபிளாஸ்டிக் என்றழைக்கின்றனர். இவை எங்கிருந்து போந்தன, கரையோரக் கடலிலும் நடுக்கடலிலும் இவற்றின் போக்கு யாது, இவற்றை எண்ணுதற்கு மாணவராகிய நாம் கைக்கொள்ளத்தக்க முறை யாது என்பனவே ஈண்டு நாம் ஆராயப் புகுவன.

பெயரைக் குறித்துச் சிறிது கூறுதும். பிளாஸ்டிக் என்பது, வேண்டிய உருவிற் பிடிக்கத்தக்கது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. தமிழில் இதனை நெகிழி என்பர். கண் என்பதனோடு நீர் சேர்ந்து கண்ணீர் ஆயினாற்போல, நுண் என்பதனோடு நெகிழி சேர்ந்து நுண்ணெகிழி ஆதலே இலக்கணத்திற்கு ஒத்தது. நுண்நெகிழி என்று பிரித்தெழுதுவார் பலர்; எழுதுக; அதனாற் கடலுக்கு நேர்ந்த தீங்கு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. 2008-ம் ஆண்டில் அமெரிக்காவில் டக்கோமா நகரிற் கூடிய விஞ்ஞானிகள், ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த துண்டுகள் அனைத்தையும் இப்பெயரால் வழங்குதல் தகும் எனக் கொண்டனர். ஆகலின் பச்சைப்பயறு போன்றதும் நுண்ணெகிழியே; கண்ணாற் காணவியலாத தூளும் நுண்ணெகிழியே.

இப்பொருளின் வரலாறு நீண்டதன்று. இன்று உலகில் மிகுதியாக வழங்கும் பாலித்தீன், 1933-ம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள வின்னிங்டன் என்னுமூரில், மிக்க அழுத்தத்தில் எத்திலீன் வாயுவை ஆராய்ந்த ரசாயனிகளுக்கு எதிர்பாராது கிடைத்த வெண்மெழுகு போன்ற பொருளாகும். அதன்பின் நாற்பதாண்டு நிறைவதற்குள்ளாகவே கடல் தன் சான்றைக் கூறிற்று. எட்வர்ட் கார்ப்பெண்டர், கென்னத் ஸ்மித் என்னும் இருவர், அட்லாண்டிக் சமுத்திரத்தின் சர்காஸோ கடலில் வலையிழுத்தபோது, கடற்பாசியினிடையே பிளாஸ்டிக் துணுக்குகளும் வந்து சேர்ந்தன. சராசரியாகச் சதுர கிலோமீட்டருக்கு 3,500 துணுக்குகள், நிறையில் 290 கிராம் உள்ளனவென்று அவர்கள் கணக்கிட்டு 1972-ம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வறிக்கையை அக்காலத்திற் பொருட்படுத்தினார் சிலரே.

இதனினும் வியக்கத்தக்கது இங்கிலாந்திற் பிளைமவுத் நகரத்து ரிச்சர்ட் தாம்ஸன் என்பாரும் அவர்தம் துணைவரும் 2004-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியாகும். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களை அறிதற்பொருட்டு, சரக்குக் கப்பல்களின் பின்னே ஒரு கருவியைக் கட்டியிழுத்து, அதனுட் சுருளும் பட்டுத்துணியில் அவ்வுயிர்களைப் படியவைத்துச் சேமித்தல் வடகடலிற் பல்லாண்டுகளாக நடைபெற்று வந்தது. பட்டுத்துணியைச் சேமித்தோர் நாடியது மீனுக்கு இரையாகும் நுண்ணுயிரையே. பிளாஸ்டிக்கை அவர் கனவினுங் கருதினாரல்லர். 1960-ம் ஆண்டுகள் தொட்டுப் பத்திரப்படுத்திய அத்துணிகளைத் தாம்ஸன் மீண்டும் எடுத்து நோக்கியபோது, நுண்ணுயிர்களோடு நெகிழியிழைகளும் அவற்றிற் படிந்திருந்தன. அன்றியும், முற்பட்ட இருபதாண்டுகளினும் பிற்பட்ட இருபதாண்டுகளில் அவை தெளிவாக மிக்கிருந்தன. ஒருவர் ஒரு பயன் கருதிச் செம்மையாகச் சேமித்த பொருள், பிறிதொரு காலத்தில் அவர் அறியாத வினாவிற்கு விடையாயிற்று. நம் கல்லூரி ஆய்வுச்சாலையின் அலமாரியில் நாளும் இடமுங் குறித்த பழம் புட்டிகள் இருப்பின் அவற்றை வெளியே எறிய விரும்புவோர் இதனை ஒருமுறை படித்தல் நன்று.

இனி, நுண்ணெகிழி பிறக்கும் வழி இரண்டு. சில, பிறக்கும்போதே நுண்ணியன. ஆலைகளில் வாளியும் குழாயும் வார்ப்பதற்கு மூலப்பொருளாகிய நெகிழிமணிகளும், முகம் கழுவும் பசைகளிற் சேர்த்துவந்த உருண்டைகளும் இவ்வகையின. பின்னவற்றை நீரிற் கழுவிவிடும் பொருள்களிற் சேர்த்தலை அமெரிக்க அரசாங்கம் 2015-ம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கிற்று. ஏனைய, பெரும்பொருள் சிதைதலால் உண்டாவன: அறுந்த வலை, கயிறு, பை, புட்டி, வண்டிச் சக்கரத்து ரப்பர், செயற்கை நூலாடை முதலியவற்றின் சிதைவுகள். ஆறு கிலோ நிறையுள்ள அக்ரிலிக் ஆடைகளை ஒருமுறை இயந்திரத்தில் வெளுத்தால் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் கழிநீரிற் செல்லக்கூடும் என்று 2016-ம் ஆண்டில் பிளைமவுத் ஆராய்ச்சியாளர் கணித்துக் காட்டினர். மீன் பிடிக்கும் வலையும் ஒரு காரணம் என்று கூறுங்கால் பழி முழுவதையும் பரதவர் தலையிற் சுமத்துதல் முறையன்று. உள்நாட்டிலிருந்து கடலைக் கண்ணாற் காணாதவனுடைய சட்டையும் கடலிற் சேர்கின்றது.

பெரும்பொருள் சிதையும் இடம் எது? நடுக்கடலின் அலைகளே அதனைப் பொடிசெய்கின்றன என்று பலர் எண்ணுவர். உண்மையில், சிதைவின் முதற்காரணம் ஞாயிற்றின் புறவூதாக் கதிர். அக்கதிர், பிராணவாயுவோடு கூடி நெகிழியின் நீண்ட அணுக்கோவையை அறுக்க, பொருள் முறுமுறுப்பாகி வெடிக்கின்றது. கடல் நீரில் வெப்பம் குறைவு. மிதக்கும் பொருளின்மேற் பாசி படர்ந்து கதிரையும் மறைக்கும். கரை மணலோ நண்பகலிற் கால்வைக்கவொண்ணாது கொதிக்கும். ஆகவே கரையில் ஒதுங்கிய பையும் புட்டியும் கடலிற் கிடப்பனவற்றினும் விரைவிற் பொடியாகி, அடுத்த பேரலையில் மீண்டும் கடல் புகுகின்றன. கரையே திரிகை, கடல் அதன் மாவைக் கொண்டுசெல்வது. கரைக் குப்பையைப் பொடியாகுமுன் அகற்றுதல் வீண்வேலையன்று என்பதற்கு இதுவே ஏது.

பொடியாவதனால் வேறொரு விளைவும் உண்டு. ஐந்து மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 150 சதுர மில்லிமீட்டர். அதனையே அரை மில்லிமீட்டர்க் கனசதுரங்களாக அறுத்தால் ஆயிரம் துண்டாகும். மேற்பரப்பு 1,500 ஆகும். நிறை கூடவில்லை, பரப்புப் பதின்மடங்காயிற்று. எண்ணெய்ப்பசை விரும்பும் நச்சுப்பொருள்கள் இப்பரப்பிலேயே ஒட்டுகின்றன. ஜப்பான் நாட்டுக் கடலோரத்தில் நெகிழிமணிகளை ஆராய்ந்தோர், சூழ்ந்த நீரிலிருப்பதைப் பார்க்கிலும் இலட்சம் முதல் பத்திலட்சம் மடங்குவரை செறிந்து அந்நஞ்சுகள் மணிகளின்மேற் படிந்திருந்ததை 2001-ம் ஆண்டில் வெளியிட்டனர்.

நுண்ணெகிழி எல்லாம் மிதப்பன அல்ல. கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.025. பாலிப்புரொப்பிலீன் 0.90, பாலித்தீன் 0.91 முதல் 0.97 வரை, இவை மிதக்கும். நைலான் 1.14, குடிநீர்ப் புட்டி செய்யும் பெட் 1.38, இவை ஆழும். மிதப்பனவும் நெடுநாள் மிதப்பதில்லை. பாசியும் கொட்டலசும் ஒட்டிப் பாரமேறினால் மூழ்கும். சிறு ஜந்துக்கள் உண்டு கழித்த மலத்துடன் கலந்தும் கீழிறங்கும்.

இதனை மனத்திற்கொண்டால் ஒரு பெரும் புதிர் விளங்கும். 2010-ம் ஆண்டில் மட்டும் நிலத்திலிருந்து கடலிற் சேர்ந்த பிளாஸ்டிக் 48 இலட்சம் முதல் 1 கோடியே 27 இலட்சம் டன் வரையிருக்கலாம் என்பது ஜென்னா ஜாம்பெக் முதலியோர் 2015-ம் ஆண்டிற் செய்த மதிப்பு. ஆனால் உலகக் கடல்களின் மேற்பரப்பில் மிதப்பது, மார்க்கஸ் எரிக்ஸன் முதலியோர் 2014-ம் ஆண்டில் மதிப்பிட்டபடி, 5.25 இலட்சம் கோடித் துண்டுகள். நிறையிலோ 2,68,940 டன்னே. ஓராண்டின் வரவில் பத்திலொரு பங்கும் இருப்பிற் காணோம்! எஞ்சியது எங்கே? ஒரு பகுதி கரைக்கே மீண்டது. ஒரு பகுதி வலையின் கண்ணுக்குத் தப்பிற்று, ஏனெனில் மேற்பரப்பில் இழுக்கும் வலையின் கண் பெரும்பாலும் 0.33 மில்லிமீட்டர், அதனினும் மெல்லிய இழை எளிதில் நழுவும், பெரும்பகுதி கீழிறங்கிற்று. ஆழ்கடற் சேற்றில் இழைகள், ஒத்த கனவளவுள்ள மேற்பரப்பு நீரினும் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு மிக்கிருத்தலை 2014-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் குழு அறிவித்தது. பசிபிக்கின் ஆறு பெரும்பள்ளங்களிற் பிடித்த 90 சிறு ஓட்டுயிர்களில் 65-இன் வயிற்றில் செயற்கைத் துகள் இருந்ததென்று 2019-ம் ஆண்டில் கண்டனர். உலகின் ஆழமிக்க மரியானாப் பள்ளத்திற் பிடித்தவற்றில் ஒன்றேனும் தப்பவில்லை. அவ்விடத்தே புதிதாய்க் கண்ட ஓரினத்திற்கு 2020-ம் ஆண்டில் யூரிதீனீஸ் பிளாஸ்டிக்கஸ் என்றே பெயரிட்டனர். மனிதன் பெயரறியுமுன் அவன் குப்பை அப்பிராணியின் குடலிற் புகுந்துவிட்டது.

நடுக்கடலைப் பற்றிப் பேசுவோர் பசிபிக்கின் குப்பைத்தீவு என்றொன்றைக் குறிப்பர். 1997-ம் ஆண்டில் சார்லஸ் மூர் என்னும் மாலுமி கடந்துசென்ற அப்பரப்பு, காலூன்றி நடக்கத்தக்க தீவன்று; சுழலும் நீரோட்டத்தின் இடையே பரந்து மிதக்கும் துகட்கூட்டமே. அத்தகைய நிலையான பெருஞ்சுழல் தென்னிந்தியச் சமுத்திரத்தில் உண்டு. நம்மை அடுத்த வடபகுதியில் இல்லை. ஆண்டுக்கிருமுறை பருவக்காற்று மாற, நீரோட்டமும் மாறுகின்றது. ஆகலின் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் விழுந்தது நெடுந்தூரம் அகலாமற் கரைகளிலேயே ஒதுங்குதல் மிகுதி என்று நீரோட்டக் கணிதம் காட்டுகின்றது. ஏனையோர் குப்பை நடுக்கடலிற் சுழலும்; நம்முடையது நம்மிடமே திரும்பும்.

ஆறுகளின் பங்கை நமக்கு உணர்த்தியது 2015-ம் ஆண்டுச் சென்னை வெள்ளம். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலும் வெள்ளத்தை ஒட்டி நவம்பரிலும் சென்னைக் கரையில் நெகிழிமணிகளைத் திரட்டி எண்ணியோர், பின்னது முன்னதின் மும்மடங்காயிருத்தலைக் கண்டனர். கூவமும் அடையாறும் புதுமணிகளை நிலத்தினின்றும் வாரிவந்தன என்பது அவர்தம் முடிவு.

இனி, கப்பலால் நேர்ந்த கேட்டைச் சற்று விரித்துக் கூறுவோம். ஏனெனில் அது நம் அண்டை நாட்டில் நிகழ்ந்து, பின்னர் நம் வாயிலையும் தட்டிற்று. எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் சிங்கப்பூர்க் கொடியுடைய புதுக் கப்பல், 1,486 சரக்குப் பெட்டிகளுடன் 2021-ம் ஆண்டு மே மாதத்திற் கொழும்பை அடைந்தது. அதிலிருந்த 25 டன் நைட்ரிக் அமிலத்தில் ஒரு பெட்டி ஒழுகுதல் முன்னரே தெரிந்திருந்தது. கத்தார் நாட்டு ஹமத் துறைமுகத்திலும் நம் நாட்டு ஹசீராவிலும் அதனை இறக்க இசைவு கிடைக்கவில்லை. மே 20-ல் தீப்பற்றிற்று. ஏறக்குறைய இரு வாரம் எரிந்தபின், ஜூன் 2-ல் ஆழ்கடலுக்கு இழுக்க முயன்றபோது பின்புறம் தரைதட்டி அமிழலாயிற்று. கப்பலில் இருந்த நெகிழிமணிகள் சுமார் 1,680 டன். ஒரு மணியின் நிறை 20 மில்லிகிராம் எனக்கொண்டால், கிலோவுக்கு ஐம்பதினாயிரம். ஆகத் தொகை சுமார் 8,400 கோடி மணிகள். உலகிற் பதிவான மணிச்சிதறல்களில் இதுவே மிகப் பெரிது.

நீர்கொழும்புக்குத் தெற்கே சரக்குவை, பமுணுகமை முதலிய கரைகள் பனி பெய்தாற்போல வெளுத்தன; சில இடங்களில் மணி முழங்கால் அளவு திரண்டது. மீனின் வாயிலும் செவுளிலும் மணிகள் காணப்பட்டன. கரையோரத்தில் மீன்பிடித்தல் தடுக்கப்பட்டது. கடலை நம்பி அன்றன்று அடுப்பேற்றும் குடும்பங்கள் கரையில் நின்று கடலை நோக்கியிருந்தன. தடைநீங்கிய பின்னரும் அக்கடல் மீனை வாங்குவார் அஞ்சினர். இதன்கண் மாணவர் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. தீயில் உருகிக் கருகிய துண்டுகளும் கரையேறின. ஆஷா டி வோஸ் என்னும் இலங்கைக் கடல்நூற் புலவர் முதலியோர் 2022-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியால், கருகியவை வெண்மணியினும் எளிதில் நொறுங்குவன என்றும், ரசாயனச் சேர்க்கையில் மிகச் சிக்கலானவை என்றும் தெரிகின்றது. கல்லும் கரியும் போன்ற அவற்றைக் கரை துப்புரவு செய்வோர் கண்டறிதல் அரிது. வெண்மணியை வாரினர், கருமணி நின்றது. 2025-ம் ஆண்டு ஜூலையில் இலங்கையின் உச்ச நீதிமன்றம் கப்பலுக்குடையோர் நூறு கோடி அமெரிக்க டாலர் ஈடு தரவேண்டுமென்று தீர்ப்பளித்தது.

நான்காண்டு கழிந்து, 2025-ம் ஆண்டு மே 25-ல், எம்.எஸ்.ஸி. எல்சா 3 என்னும் கப்பல் 640 பெட்டிகளுடன் கேரளக் கரைக்கப்பால் மூழ்கிற்று. தென்மேற்குப் பருவத்தில் மேலைக்கரை நீரோட்டம் தெற்கு நோக்கிச் சென்று குமரியைச் சுற்றும் என்பது பூகோள நூலிற் படித்ததே. அப்பாடத்தை மணிகள் நடந்து காட்டின. திருவனந்தபுரக் கரையிலும், கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும், அதன்பின் மன்னார் வளைகுடாவைக் கடந்து தனுஷ்கோடியிலும் அவை ஒதுங்கின. கட்டுமரமும் நாட்டுப்படகும் வலைவிரிக்கும் நீர் அது. பவளப்பாறையும் கடற்பசுவும் உள்ள நீரும் அதுவே. இத்தனை நேர்ந்தும், கப்பலில் நெகிழிமணியைப் பத்திரமாக ஏற்றுதல் குறித்துச் சர்வதேசக் கடல்சார் நிறுவனம் 2024-ம் ஆண்டில் வெளியிட்டது பரிந்துரையேயன்றிக் கட்டளையன்று. அமிலப் பெட்டிக்கு உள்ள எச்சரிக்கை மணிப்பெட்டிக்கு இல்லாமை நியாயமாக நமக்குத் தோன்றவில்லை. பிளாஸ்டிக்கைக் குறித்த உலக ஒப்பந்தம் ஒன்று வேண்டுமென 2022-ம் ஆண்டு நைரோபியில் தீர்மானித்த தேசங்கள், 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் ஜெனீவாவிலும் உடன்பாடின்றியே பிரிந்தன.

உயிர்களுக்கு யாது தீங்கு? நுண்ணிய ஓட்டுயிர்கள் நெகிழியுருண்டைகளை விழுங்கி, அதனாற் பாசியுணவைக் குறைவாக உண்ணுதல் சோதனைச்சாலையிற் கண்டதாகும். நீலமட்டியின் குடலிற் சென்ற துகள் அதன் குருதிநீரிற் கலந்து 48 நாள் வரை தங்கிற்று என்பது 2008-ம் ஆண்டு ஆராய்ச்சி. ஆனால் சோதனைத் தொட்டியில் இடும் அளவு, கடலில் உள்ளதினும் பன்மடங்காயிருத்தல் உண்டு. இவ்வேறுபாட்டை மறவாது படித்தல் வேண்டும். மக்களைக் குறித்தும் அவ்வாறே. இத்தாலியில் 257 நோயாளரின் கழுத்து நாடியில் அகற்றிய கொழுப்படைப்பை ஆராய்ந்து, அவருட் பாதிக்கு மேற்பட்டோரிடம் பாலித்தீன் இருந்ததென்றும், அன்னோர்க்கு மாரடைப்பு முதலியன மிக்கு நேர்ந்தனவென்றும் 2024-ம் ஆண்டில் வெளியிட்டனர். இரண்டும் உடன்நிகழ்ந்தன என்பதே அதனாற் பெறப்படுவது; ஒன்று மற்றொன்றின் காரணம் என்பது அதனாற் பெறப்படவில்லை. வாரந்தோறும் ஐந்து கிராம் பிளாஸ்டிக்கை ஒவ்வொருவரும் உண்கின்றோம் என்று 2019-ம் ஆண்டு தொட்டுப் பரவிய கூற்றோ, பிற்கால ஆராய்ச்சியாளரால் மிகைபடக் கணித்ததென மறுக்கப்பட்டது. உண்மைத் தீங்கு போதியதாயிருக்க மிகையை ஏன் நாடுகின்றனரோ அறியோம்.

எண்ணுதல் பிழைத்தால் அனைத்தும் பிழைக்கும். ஆகலின் நம் மாணவர் தாமே செய்து பார்க்கத்தக்க முறையொன்றைக் கூறுவோம். அலை ஏறிவிட்டுச் சென்ற கோட்டின்மேல் அரைமீட்டர்ச் சதுரம் ஒன்றைக் கயிற்றாற் குறித்து, மேலைந்து சென்டிமீட்டர் மணலை உலோகக் கரண்டியால் அள்ளிக் கண்ணாடிப் பாத்திரத்தில் இடுக. பருத்தியாடை உடுத்துச் செல்க. செயற்கை நூற்சட்டை அணிந்து இழை தேடுவோன் தன் சட்டையையே கண்டெடுப்பான். உலர்த்தி நிறுத்த மணலில், லிட்டருக்கு 360 கிராம் வீதம் உப்புக் கரைத்த நீரை ஊற்றிக் கலக்கி, மூடி, ஓரிரவு விடுக. அந்நீரின் அடர்த்தி 1.2; பாலித்தீன், பாலிப்புரொப்பிலீன், நைலான் ஆகியன மேலே வரும். உப்புநீரை முன்னரே வடிகட்டிக்கொள்ளுதல் இன்றியமையாதது; தூத்துக்குடி உப்பளங்களின் உப்பிலும் நுண்ணெகிழி இருத்தலை 2020-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டியுள்ளது. மேலெழுந்ததை வடித்து, பாசியும் சருகும் இருப்பின் ஹைட்ரஜன் பெராக்ஸைடால் அவற்றைக் கரைத்து, உருப்பெருக்கியின்கீழ் எண்ணுக. ஐயமுள்ள துண்டைக் காய்ச்சிய ஊசியால் தொட்டால், நெகிழியாயின் பெரும்பாலும் உருகும் அல்லது சுருளும். இச்சோதனை திட்டமான சான்றன்று, அகச்சிவப்புக் கதிர்க் கருவியுள்ள ஆய்வுச்சாலைக்குச் சில துண்டுகளையேனும் அனுப்புதல் வேண்டும்.

இவையெல்லாவற்றோடும், மணலே இடாத ஒரு பாத்திரத்தையும் அருகில் வைத்து அதே நீரை ஊற்றி, அதே நேரம் திறந்துவைத்து, அதே முறையில் வடித்து எண்ணுக. அதிற் கிடைக்கும் இழைகள் காற்றினின்றும் நம் கையினின்றும் வந்தவை; அத்தொகையைக் கழித்தே மற்றதைக் கூறவேண்டும். வெற்றுப்பாத்திரத்தின் எண்ணைக் குறியாத அறிக்கை எவ்வளவு பெரிய எண்ணைத் தந்தாலும் நாம் அதனை நம்புவதற்கில்லை. ஒருவர் கிலோ மணலுக்கென்றும் பிறிதொருவர் சதுரமீட்டருக்கென்றும் எழுதுதலால் இரு கரைகளை ஒப்பிட இயலாமற்போதல் உண்டு. நிறையும் பரப்பும் இரண்டையும் குறித்துவைப்பின் இவ்விடர் இல்லை.

பெட், பி.வி.ஸி. முதலிய பாரமான வகைகள் இவ்வுப்புநீரில் எழா. துத்தநாகக் குளோரைடு நீரில் அவை எழும். எனினும் அது விலைமிக்கது, கழிவு நஞ்சுடையது. ஆதலின் முதன்முறை எண்ணி முடித்தபின் அடியில் எஞ்சிய மணலைக் கொட்டிவிடாமல், நன்னீரிற் கழுவி உலர்த்திக் கண்ணாடிப் புட்டியிலிட்டு, கரையின் பெயர், நாள், அள்ளிய ஆழம், அள்ளியவர் உடுத்த ஆடையின் நிறம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டொன்றை உள்ளேயே இட்டு மூடிவைக்க.